ஆந்தை பொறித்த வெள்ளிக்காசு

(வெள்ளிவிழா வார மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இந்த வாரம் முழுவதும் நம் நாவில் அதிகமாகப் புரளும் சொல் வெள்ளி. வெள்ளிவிழா, வெள்ளிவிழா மலர், வெள்ளிவிழா நிதி என்று எங்கு திரும்பினாலும் வெள்ளிதான். அந்த வெள்ளியைப் பற்றியே ஓர் உரை வேண்டும் என்று பங்குப் பேரவையார் விரும்பினார்கள். கொலுசைப் பற்றியும் குத்துவிளக்கைப் பற்றியும் நாம் எடுத்துச் சொல்லித் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை இல்லை. ஆகவே சற்றுத் தொலைவான ஒரு வெள்ளியைத் தேர்ந்துகொண்டோம். நம் சங்கப் புலவர்கள் யவனர் என்று அழைத்தார்களே, அந்தக் கிரேக்கர்களின் வெள்ளிக்காசு.

"ஏன் சுவாமி அவ்வளவு தூரம் போக வேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். தூரம் என்று எண்ண வேண்டாம். பெண் ஒருத்தி விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கி, காணாமற்போன காசைத் தேடினாளே, அந்தக் காசுக்குப் புனித லூக்கா எழுதிய கிரேக்கத்தில் திராக்மா என்று பெயர். பேதுரு பிடித்த மீனின் வாயில் இருந்தது ஸ்தாத்தேர். ஊழியர்களிடம் தலைவன் ஒப்படைத்தது தாலந்து. இந்த மூன்று சொற்களும் கிரேக்க வணிகனின் பணப்பெட்டியிலிருந்து நற்செய்திக்குள் வந்தவை. குருமடத்தில் கிரேக்கம் பயின்ற காலத்தில் இந்தச் சொற்களின் வேரைத் தேடத் தொடங்கினோம். அந்தத் தேடலில் கிடைத்தவற்றை இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

ஒரு கைப்பிடிக் கம்பி

காசு தோன்றுமுன் கிரேக்க நாட்டில் இரும்புக் கம்பிகளே பணமாகப் புழங்கின. இறைச்சியைக் குத்தி நெருப்பில் வாட்டும் கம்பிகள் அவை. கம்பிக்கு அவர்கள் மொழியில் ஓபெலோஸ் என்று பெயர். ஒரு கைக்குள் அடங்கும் ஆறு கம்பிகள் சேர்ந்தால் ஒரு திராக்மா, அதாவது ஒரு கைப்பிடி. ஆர்கோஸ் நகருக்கு அருகிலிருந்த ஹேரா கோவிலின் இடிபாடுகளைத் தோண்டியபோது இத்தகைய கம்பிகளின் பெருங்கட்டு ஒன்று அகப்பட்டது. பிற்காலத்தில் வெள்ளிக்காசு வந்தபோதும் பழைய பெயர்கள் மறையவில்லை. ஆறு ஓபல் ஒரு திராக்மா. நூறு திராக்மா ஒரு மினா. அறுபது மினா ஒரு தாலந்து.

இந்தக் கணக்கை நம் வீட்டுக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். ஏதென்ஸ் நகரத்துத் திராக்மாவின் எடை ஏறக்குறைய 4.3 கிராம். அப்படியானால் தாலந்து என்பது 6,000 திராக்மா, சுமார் 26 கிலோ வெள்ளி. அது சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் காசே இல்லை. இரு கைகளாலும் தூக்க வேண்டிய ஒரு சுமை. கி.மு. 409 முதல் ஏதென்ஸில் எரெக்தியோன் என்னும் கோவிலைக் கட்டி முடித்தபோது எழுதிய கூலிக் கணக்கு, கல்வெட்டாக இன்றும் இருக்கிறது. அதன்படி கைத்தேர்ந்த வேலையாளின் நாள்கூலி ஒரு திராக்மா. ஒரு தாலந்தைச் சம்பாதிக்க அவன் ஞாயிறும் இல்லாமல் திருநாளும் இல்லாமல் 16 ஆண்டுகளுக்கு மேல் உழைக்க வேண்டும். "பாவம், அவனுக்கு ஒரே ஒரு தாலந்துதானே கிடைத்தது" என்று உவமையின் மூன்றாம் ஊழியன்மேல் நாம் இரக்கப்படுவதுண்டு. அவன் மண்ணில் புதைத்தது எவ்வளவு பெரிய செல்வம் என்பது இப்போது விளங்குகிறது அல்லவா?

முத்திரை இட்ட காசு முதன்முதலில் தோன்றியது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியான லிதியாவில், கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அது பொன்னும் வெள்ளியும் கலந்த உலோகம். கி.மு. 560 அளவில் அரியணை ஏறிய கிரீசஸ் மன்னன் பொன்னைத் தனியாகவும் வெள்ளியைத் தனியாகவும் காசாக அடித்தான். பிறகு ஏஜினா என்னும் கிரேக்கத் தீவின் வணிகர்கள் கடலாமை பொறித்த வெள்ளிக்காசை வெளியிட்டார்கள். கொரிந்து நகரம் சிறகுள்ள குதிரையையும், எபேசு நகரம் தேனீயையும், சிசிலித் தீவின் சிராக்கூஸ் நகரம் நீரூற்றுத் தேவதையின் தலையையும் அதைச் சுற்றி நீந்தும் டால்பின்களையும் பொறித்தன. சிராக்கூஸில் அச்சு வெட்டிய கிமோன், யுவைனெட்டஸ் ஆகிய கலைஞர்கள் தங்கள் பெயரையே காசில் மிகச் சிறிய எழுத்தில் வெட்டி வைத்தார்கள்.

காசு செய்யும் முறை எளிது. பட்டடையில் பதித்த அச்சின்மேல் வெள்ளி வில்லையை வைப்பார்கள். அதன்மேல் இன்னோர் அச்சை நிறுத்திச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். இரு பக்கமும் உருவம் பதிந்துவிடும். ஆனால் அந்த ஒரே அடியில் வெள்ளித்துண்டு வேறொன்றாக மாறிவிடுகிறது. "இதன் எடைக்கும் தூய்மைக்கும் எங்கள் நகரம் பொறுப்பு" என்று ஊரார் அனைவரும் சேர்ந்து கொடுக்கும் வாக்கே அந்த முத்திரை. சுருங்கச் சொன்னால் காசு என்பது கொடுத்த வாக்கு. வாக்கு காப்பாற்றப்படும்வரைதான் காசுக்கு மதிப்பு.

மாறாத முகம்

இந்த வாக்கை நீண்ட காலம் காத்ததால் பெயர்பெற்றது ஏதென்ஸ் நகரத்து நான்கு திராக்மா காசு. கி.மு. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் அது வெளிவந்தது. எடை 17.2 கிராம். பாட்டிமார் பெட்டியின் அடியில் முடிந்து வைத்திருக்கும் வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாயைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். ஒரு பக்கம் தலைக்கவசம் அணிந்த ஏதீனா தேவதையின் முகம். மறுபக்கம் நம்மையே உற்றுப் பார்க்கும் ஓர் ஆந்தை, ஒலிவக் கிளை, ஒரு சிறு பிறை, ஊரின் பெயரைக் குறிக்கும் மூன்று எழுத்துக்கள்.

நம் ஊரில் ஆந்தை அலறினால் அபசகுனம் என்று கதவைச் சாத்துகிறோம். கிரேக்கர்களுக்கோ அது அறிவின் பறவை. காசுக்கே 'ஆந்தை' என்று பெயர் வந்துவிட்டது. கொல்லன் தெருவில் ஊசி விற்கலாமா என்று நாம் சொல்வதை அவர்கள், ஏதென்ஸுக்கு ஆந்தை கொண்டுபோகலாமா என்று சொன்னார்கள்.

இந்தக் காசை உற்று நோக்கினால் ஒரு விந்தை தெரியும். முகம் பக்கவாட்டில் இருக்கிறது. கண்ணோ நேரே பார்ப்பதுபோல் முழுதாக வரையப்பட்டிருக்கிறது. பழங்காலச் சிற்பிகளின் முறை அது. கி.மு. 447-இல் பார்த்தெனோன் கோவிலைக் கட்டத் தொடங்கியபோது, ஃபீடியாஸின் மேற்பார்வையில் உலகமே வியக்கும் சிற்பங்கள் உருவாயின. அப்படிப்பட்ட சிற்பிகள் வாழ்ந்த அதே ஊரில், அதே ஆண்டுகளில், காசில் மட்டும் தாத்தா காலத்து முகமே நீடித்தது. அழகாக வெட்டத் தெரியாதவர்களா அவர்கள்? காரணம் வேறு. எகிப்திலும் சிரியாவிலும் இருந்த வணிகனுக்குக் கிரேக்கம் படிக்கத் தெரியாது. அந்த முகத்தை மட்டும் தெரியும். முகம் மாறினால் அவனுக்குச் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் உளியை எடுத்துக் காசின்மேல் ஒரு வெட்டு வெட்டிப் பார்ப்பான், உள்ளேயும் வெள்ளிதானா என்று. அப்படி வெட்டுப்பட்ட ஆந்தைகள் இன்றும் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

சிறு காசுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓர் ஓபலின் எடை முக்கால் கிராமுக்கும் குறைவு. நம் மிளகு அளவுதான் இருக்கும். பை இல்லாத ஆடையில் அதை எங்கே வைப்பது? கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள்! நீதிமன்றத்தில் நடுவராக அமர்ந்ததற்குக் கிடைத்த மூன்று ஓபலை வாயில் அடக்கிக்கொண்டு வீடு திரும்பும் கிழவரை அரிஸ்தோபனிஸ் தம் நாடகத்தில் காட்டுகிறார்.

பத்துத் திராக்மாவா, பாய்மரக் கப்பலா?

இவ்வளவு வெள்ளியும் ஏதென்ஸுக்கு எங்கிருந்து வந்தது? நகரத்துக்குத் தென்கிழக்கே, கடலோரம், லாவ்ரியோன் என்னும் மலைப்பகுதி. கி.மு. 483 அளவில் அங்கே புதிதாக ஒரு வளமான வெள்ளிப்படிவம் அகப்பட்டது. அதிலிருந்து நூறு தாலந்து அரசுக்குக் கிடைத்ததென்று அரிஸ்தாட்டிலின் பள்ளியில் எழுதப்பட்ட நூல் கூறுகிறது.

அந்தப் பணத்தை என்ன செய்வது? குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் பத்துத் திராக்மா பங்கிட்டுக் கொடுக்கலாம் என்பது பொதுவான எண்ணம். யாருக்குத்தான் கசக்கும்? சிப்னோஸ் என்ற தீவில் அப்படித்தான் நடந்தது. அங்கே பொன்னும் வெள்ளியும் விளைந்தன. ஆண்டுதோறும் வருமானத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு நாள் சாமோஸ் தீவின் அகதிப்படை கப்பல்களில் வந்து இறங்கியது. எதிர்த்து நிற்க முடியாமல் தோற்று, நூறு தாலந்து கொடுத்தே மீள வேண்டியதாயிற்று. இதைச் சொல்பவர் ஹெரொடோட்டஸ்.

ஏதென்ஸின் மக்கள் மன்றத்தில் தெமிஸ்தோக்ளிஸ் என்பவர் எழுந்தார். பணத்தைப் பங்கிட வேண்டாம், போர்க்கப்பல்கள் கட்டுவோம் என்றார். அப்போது ஏஜினாத் தீவோடு பகை இருந்தது. அதையே காரணமாகக் காட்டினார். ஒவ்வொருவருக்கும் கைக்கு எட்டிய 43 கிராம் வெள்ளியை அந்த மக்கள் விட்டுக்கொடுத்தார்கள். செல்வந்தருக்கு அது சில்லறை. மீனவனுக்கும் கூலியாளுக்கும் அது பல நாள் அடுப்பு எரியும் காசு. அவர்களும் கையை உயர்த்தினார்கள் என்பதுதான் இதில் பெரிய செய்தி. இருநூறு கப்பல்கள் கட்டப்பட்டன என்று ஹெரொடோட்டஸ் எழுதுகிறார். நூறு என்பாரும் உண்டு.

மூன்றே ஆண்டுகள். கி.மு. 480-இல் பாரசீகப் பேரரசன் செர்க்சஸ் பெரும்படையோடு வந்தான். ஏதென்ஸ் நகரம் தீக்கிரையாயிற்று, கோவில்கள் சாம்பலாயின. ஆனால் சாலமிஸ் தீவின் குறுகலான கடலில் அந்தக் கப்பல்கள் காத்திருந்தன. பாரசீகக் கடற்படை அங்கே முறியடிக்கப்பட்டது. அன்று பத்துத் திராக்மாவை வாங்கிப் போயிருந்தால், அதை வைக்க வீடும் இருந்திருக்காது, செலவழிக்க ஊரும் இருந்திருக்காது.

நிலத்தடியில் இருந்தவர்கள்

இத்தோடு முடித்தால் அழகான கதைதான். பள்ளிப் புத்தகங்கள் பெரும்பாலும் இத்தோடு முடித்துவிடும். ஆனால் நாம் லாவ்ரியோன் மலைக்குள் இறங்கிப் பார்க்க வேண்டும்.

கிணறு போல் செங்குத்தாக வெட்டிய சுரங்க வாய்கள்; சில நூறு மீட்டருக்கும் மேல் ஆழமானவை. அடியிலிருந்து பக்கவாட்டில் செல்லும் குடைவுகள். பல இடங்களில் அவற்றின் உயரம் ஒரு மீட்டர் கூட இல்லை. நிமிர முடியாது, தவழ்ந்தும் படுத்தும்தான் பாறையை வெட்ட வேண்டும். வெளிச்சத்துக்கு ஒரு சிறு எண்ணெய் விளக்கு. உளி பட்ட தழும்புகளை அந்தச் சுவர்களில் இன்றும் காணலாம்.

வெட்டி எடுத்த கல் வெள்ளி அன்று, ஈயக்கல். அதற்குள் மிகச் சிறு பங்கே வெள்ளி. கல்லை இடித்து, திரிகையில் அரைத்து, சரிவான மேடைகளில் தண்ணீர் விட்டுக் கழுவி, கனமான துகளைப் பிரிப்பார்கள். மழை குறைந்த பகுதி ஆதலால், ஓடிய தண்ணீரையே தொட்டியில் தேக்கி மீண்டும் பயன்படுத்தினார்கள். பிறகு உலையில் உருக்கி, காற்றை ஊதி ஊதி ஈயத்தைப் பிரித்தால் அடியில் வெள்ளி மின்னும். வெள்ளியைப் புடமிடும் தட்டானை விவிலியம் பல இடங்களில் உவமையாகக் கூறுகிறது. அந்தப் புடம் இதுதான். வெளியேறும் ஈயப் புகை மனிதரைக் கொல்லும். அந்தப் பகுதியே உடலுக்கு ஆகாதது என்ற பேச்சு சாக்ரடீஸ் காலத்திலேயே இருந்தது.

அங்கே உழைத்தவர்கள் யார்? அடிமைகள். திராசியாவிலிருந்தும் சிறிய ஆசியாவிலிருந்தும் விலைக்கு வாங்கப்பட்டவர்கள். ஆயிரக்கணக்கானோர்.

நிக்கியாஸ் என்ற பெரிய மனிதர் ஒருவர் இருந்தார். ஏதென்ஸின் தளபதி. தேவர்களுக்குக் காணிக்கை கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பெயரெடுத்த பக்திமான். அவருக்கு ஆயிரம் அடிமைகள். அவர்களைச் சோசியாஸ் என்ற சுரங்கக் குத்தகைக்காரனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஜெனொபோன் என்னும் எழுத்தாளர் கி.மு. 355 அளவில் அந்த ஒப்பந்தத்தின் விதிகளைக் குறித்திருக்கிறார். ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு ஓர் ஓபல். இன்னொரு விதி: ஆயிரம் என்ற எண்ணிக்கை எப்போதும் குறையக் கூடாது.

பங்கு மக்களே, இந்த இரண்டாவது விதியைச் சற்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஏன் குறையும்? செத்தால் குறையும், தப்பி ஓடினால் குறையும். செத்தவனுக்குப் பதில் இன்னொருவனை நிறுத்திவிட வேண்டும், அவ்வளவுதான். அவனுக்கு ஒரு பெயர் இருந்ததா, தாய் இருந்தாளா என்று ஒப்பந்தம் கேட்கவில்லை. ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ஓபல். ஆண்டுக்கு ஏறக்குறைய பத்துத் தாலந்து. அந்தப் பத்துத் தாலந்திலிருந்துதான் பக்திமான் காணிக்கை கொடுத்தார்.

வரலாறு சில வேளைகளில் கடுமையாகத் திருப்பிக் கொடுக்கிறது. கி.மு. 413-இல் சிராக்கூஸின்மேல் படையெடுத்துச் சென்ற ஏதென்ஸ் படை அழிந்தது. நிக்கியாஸ் கொல்லப்பட்டார். சிறைப்பட்ட ஏழாயிரம் பேருக்குக் குறையாதவர்கள் கல்வெட்டுக் குழிகளில் அடைக்கப்பட்டு, வெயிலிலும் குளிரிலும், அரைவயிற்றுக் கஞ்சிக்கும் குறைவான உணவில் மடிந்தார்கள். குழிக்குள் வாழ்வது எப்படி என்று லாவ்ரியோன் அடிமைக்குத் தெரிந்தது அன்று ஏதென்ஸ் குடிமகனுக்கும் தெரிந்தது. அதே ஆண்டில் ஸ்பார்த்தா நாட்டார் ஏதென்ஸுக்கு அருகிலிருந்த டெக்கெலேயாவைப் பிடித்துக்கொண்டார்கள். 20,000-க்கு மேற்பட்ட அடிமைகள் தப்பியோடினார்கள் என்று தூசிடிடிஸ் எழுதுகிறார். சுரங்கப் பணி நிலைகுலைந்தது. வெள்ளி வரத்து நின்றது.

சந்தை நடுவே ஒரு சோதனையாளர்

வெள்ளி இல்லாத நகரம் என்ன செய்தது? முதலில் வெற்றித் தேவதையின் சிலைகளில் போர்த்தியிருந்த பொன்னை உரித்துக் காசாக்கியது. பிறகு செம்புக்கு மேலே மெல்லிய வெள்ளித் தகடு போர்த்திய காசை வெளியிட்டது. அதே ஆந்தை, அதே முகம், உள்ளே செம்பு. நகரமே தன் வாக்கைத் தானே மீறிய நாள் அது. கி.மு. 405-இல் மேடையேறிய 'தவளைகள்' நாடகத்தில் அரிஸ்தோபனிஸ் இதை விடவில்லை. நல்ல பழைய காசை ஒதுக்கிவிட்டு மட்டமான புதிய காசைப் புழங்குவதுபோல், நல்ல குடிமக்களை ஒதுக்கிவிட்டு மட்டமானவர்களைத் தலைமைக்குக் கொண்டுவருகிறீர்கள் என்று ஊராரையே குத்திக் காட்டினார். மறு ஆண்டு ஏதென்ஸ் சரணடைந்தது.

இழந்த நம்பிக்கையை எப்படி மீட்டார்கள் என்பதற்கு ஒரு சான்று 1970-இல் கிடைத்தது. ஏதென்ஸின் பழைய சந்தைத் திடலை அகழ்ந்தபோது பளிங்குக் கல்லில் வெட்டிய சட்டம் ஒன்று வெளிப்பட்டது. நிக்கோபோன் என்பவர் கொண்டுவந்த சட்டம், ஆண்டு கி.மு. 375. அதன்படி சந்தையில், காசு மாற்றுவோரின் மேசைகளுக்கு நடுவே, ஒரு சோதனையாளர் அமர்ந்திருக்க வேண்டும். எவர் கொண்டுவந்த காசானாலும் சோதித்துச் சொல்ல வேண்டும். நல்லது என்று அவர் சொன்ன காசை எந்த வணிகனாவது வாங்க மறுத்தால், அன்று அவன் விற்பனைக்கு வைத்த சரக்கு முழுவதும் பறிமுதல். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் சோதனையாளர் அந்தக் காசை அங்கேயே வெட்டிவிட வேண்டும். கப்பல்கள் வந்து சேரும் பிரேயஸ் துறைமுகத்திலும் இன்னொரு சோதனையாளர்.

அந்தச் சோதனையாளர் யார் தெரியுமா? அவரும் ஓர் அடிமை. நகரத்துக்குச் சொந்தமான பொது அடிமை. கடமை தவறினால் ஐம்பது கசையடி என்று அதே கல் சொல்கிறது.

ஆக, பூமிக்கடியில் வெள்ளியை வெட்டியவன் அடிமை. சந்தையில் அதன் உண்மையைக் காத்தவனும் அடிமை. நடுவில் கைமாறிய ஆயிரம் கைகள் சுதந்திர மனிதருடையவை. கடல் சூழ்ந்த நாடுகளெல்லாம் ஆந்தையை நம்பின. அந்த நம்பிக்கையைத் தாங்கிய தோள்கள் எவருடையவை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

முப்பது காசு

பின்னர் மகா அலெக்சாந்தர் ஏதென்ஸின் எடை முறையையே தம் காசுக்கும் ஏற்றுக்கொண்டார். அவர் படை சென்ற இடமெல்லாம் திராக்மாவும் சென்றது. அராபியரின் திர்ஹம், வடமொழியின் திரம்மம் ஆகிய சொற்கள் அதன் வழித்தோன்றல்களே. கிரேக்க நாட்டில் 1832-இல் மீண்டும் உயிர்பெற்ற திராக்மா, 2002-இல் யூரோவுக்கு இடம் விட்டது. அந்த நாட்டு ஒரு யூரோ காசில் பழைய ஆந்தை இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

நம் ஆண்டவர் காலத்துக்கு வருவோம். எருசலேம் ஆலய வரி ஆளுக்கு இரண்டு திராக்மா. அதைத் தீர் நகரத்து வெள்ளியில் செலுத்துவதே வழக்கம். தீர் நகரம் கி.மு. 126 முதல் அடித்துவந்த நான்கு திராக்மா காசில் கிரேக்க எழுத்து. ஒரு பக்கம் மெல்கார்த் என்னும் புறவினத் தெய்வத்தின் தலை, மறுபக்கம் கழுகு. சிலையை அருவருத்த யூதர்கள் அந்தக் காசையா ஆலயத்தில் வாங்கினார்கள்? ஆம். அதன் வெள்ளி தூயது, எடை சரியானது. ஆலய முற்றத்தில் காசு மாற்றுவோர் மேசை போட்டிருந்ததற்கும் இதுவே காரணம். மீன் வாயில் இருந்த ஒரு ஸ்தாத்தேர் இருவருக்கான வரிக்குச் சரியாக அமைந்ததும் இந்தக் கணக்கில்தான்.

யூதாசுக்கு எண்ணிக் கொடுக்கப்பட்ட முப்பது வெள்ளிக்காசும் இந்தத் தீர் நகரத்துக் காசாகவே இருந்திருக்கும் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஒன்று ஏறக்குறைய 14 கிராம். முப்பது சேர்ந்தால் அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதில் ஒரு காசு கூடக் கள்ளக்காசு என்று யாரும் சொல்லவில்லை. ஏதென்ஸின் சோதனையாளரிடம் காட்டியிருந்தால் முப்பதையும் நல்லது என்றே திருப்பிக் கொடுத்திருப்பார். வெள்ளியைச் சோதிக்க உளி போதும். அது எந்தக் கையிலிருந்து வந்தது, எதற்காகப் போகிறது என்று சோதிக்க உளி போதாது.

நம் கணக்கு

அன்புள்ளவர்களே, இதுவரை கேட்டதை நம் ஊருக்குக் கொண்டுவருவோம்.

விழாச் செலவு போக வெள்ளிவிழா நிதியில் ஒரு தொகை மிஞ்சும். வீட்டுக்கொரு வெள்ளிமுலாம் பூசிய நினைவுத் தட்டு கொடுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் ஒழுகும் பள்ளிக்கூடத்தின் மூன்று வகுப்பறைகளுக்குக் கூரை போடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். தட்டு வேண்டும் என்பவர்கள் பேராசைக்காரர்கள் அல்லர். ஏழை வீட்டிலும் ஒரு நினைவுப்பொருள் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். வருகிற ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்குக் கூட்டத்தில் நீங்களே முடிவு செய்வீர்கள். பத்துத் திராக்மாவை வேண்டாம் என்று கை உயர்த்திய மீனவனை அன்று ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த முடிவானாலும், நிதியின் வரவு செலவு முழுவதையும் எழுதி ஆலய வாசலில் ஒட்டிவைப்போம். பங்குத்தந்தையின் கைவழியே போன காசையும் சேர்த்துத்தான். வந்து பாருங்கள், கேளுங்கள். கேட்பதை யாரும் குறையாக எண்ண வேண்டாம். நல்ல காசு சோதனைக்கு அஞ்சுவதில்லை.

இன்னொன்று. ஆலய முகப்பில் பதித்த பளிங்குக் கல்லில், 25 ஆண்டுகளுக்கு முன் பொருள் கொடுத்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அது முறையே, நன்றி மறக்கக் கூடாது. ஆனால் அந்த நாட்களில் ஆற்று மணலைத் தலையில் சுமந்தவர்கள், கல் உடைத்தவர்கள், கலவை குழைத்த சித்தாள் பெண்கள், சாரத்தில் நின்ற கொத்தனார்கள், இவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அவர்கள் அடிமைகள் அல்லர். கூலி பெற்றார்கள், சிலர் கூலியே வாங்காமல் உழைத்தார்கள். அவர்களுள் சிலர் இதோ இந்தக் கூட்டத்திலேயே பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். வேற்று மதத்துச் சகோதரர்களும் அவர்களுள் உண்டு. விவரம் அறிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அந்தப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளும் பணியை இளைஞர்களிடம் ஒப்படைக்கிறோம். வீடு வீடாகச் செல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். பெயர்கள் சேர்ந்தபின் இரண்டாவது கல் ஒன்றை முதல் கல்லுக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில், பதிப்போம்.

லாவ்ரியோன் மலையில் இறந்தவர்களின் பெயர்களை இனி யாராலும் எழுத முடியாது. நம் ஆலயத்தைக் கட்டியவர்களின் பெயர்களை இன்றுகூட எழுதலாம்.

ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கும் இறைவன் நம் பங்கையும், நம் உழைப்பாளர்களையும், நம் வெள்ளிவிழாவையும் ஆசீர்வதிப்பாராக.